வாசல்படி தாண்டிய வண்டி

“சீரு உன் கையில இருக்கிற வரைக்கும்தான் அது உன்னுது. வாசப்படி தாண்டிருச்சுன்னா...”

எங்கள் கம்பத்து மாமா இப்படி ஒன்று சொல்வார், ஏட்டய்யா. எந்த விசேஷ வீட்டிலும் சொல்வார். ஆனால் வாய் நிறைய வெற்றிலை. பாதி சொல்லிவிட்டுத் துப்பப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் பேச்சு வேறு எங்கேயோ போயிருக்கும். வாசல்படி தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்று கடைசிவரைக்கும் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எழுதாதீர்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு எதை எழுத வேண்டுமோ அதை எழுதலாம்.

கை பரவாயில்லை. முழங்கைதான் கொஞ்சம் எரிகிறது. உங்கள் ஆட்கள் நல்லவிதமாகத்தான் கட்டுப் போட்டார்கள். தடுப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். யார் ஏட்டய்யா வளைவு திரும்பினதும் இரும்புத் தடுப்பு வைப்பார்கள்? வருகிறவன் கண்ணில் பட வேண்டாமா? அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. நான் ஓமனில் எண்ணெய்க் கிடங்கில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தவன். அதனால் சொல்கிறேன்.

ஹெல்மெட் போட்டிருந்தேன். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திருட வருகிறவன் ஹெல்மெட்டுக்கு வார் இழுத்துக் கட்டிக்கொண்டு வருவானா?

அதோ, வேப்பமரத்தடியில் நிற்கிறார்களே. மஞ்சள் சேலை, என் தங்கை தவமணி. பக்கத்தில் வாயே திறக்காமல் நிற்பவர் மாப்பிள்ளை, அவள் வீட்டுக்காரர். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறாரே வெள்ளை வேட்டி, அவர் மாப்பிள்ளைக்கு அண்ணன், வெள்ளைச்சாமி. மத்தியானச் சாப்பாட்டு மணிக்குப் பார்த்தால் பள்ளிக்கூட ஸ்டாண்டில் வண்டி காணோம் என்று புகார் கொடுத்தது அவர்தானே? கொடுப்பார். பள்ளிக்கூட உடுப்பில் இந்த ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறவள் தர்ஷிகா, என் தங்கை மகள். மரத்தடியில் அவ்வளவு நிழல் இருக்க, வெயிலில் வந்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறாள் பாருங்கள். உள்ளே காற்றே வரவில்லை.

வண்டி கிடைத்துவிட்டது என்று மட்டும்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். எடுத்தது யார் என்று இன்னும் சொல்லவில்லை. அந்தப் புண்ணியத்தை நான் மறக்க மாட்டேன்.

அந்த வண்டியை வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஆமாம். நான் வாங்கிக் கொடுத்த வண்டியைத்தான் நான் எடுத்தேன். சிரிக்காதீர்கள். பில் பிள்ளை பெயரில் இருக்கிறது. சீர் இல்லையா, அப்படித்தான் போட வேண்டும்.

தர்ஷிகாவுக்குச் சடங்கு செய்கிற காலம் வந்தபோது நான் ஓமனில் இருந்தேன். தாய்மாமன் சீர் வராமல் பிள்ளை தலையில் எப்படித் தண்ணீர் ஊற்றுவது? நான் ஒருத்தன்தான் மாமன். எனக்காகத் தள்ளிப் போட்டார்கள். இந்த வருஷம் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். சித்திரையில் விழா வைத்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையும் முடிந்திருந்தது. அடுத்து மேல்நிலைப் பள்ளி. அது ஊரைவிட்டுத் தள்ளி, பஸ் சரியாக வராத பாதை.

நகை எல்லாரும் போடுவார்கள். நான் யோசித்து யோசித்து இந்த மின்சார வண்டியை எடுத்தேன். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், புகை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இருபத்தைந்துக்கு மேல் போகாது. கம்பெனியிலேயே பூட்டி அனுப்புகிறார்கள். எனக்குப் பிடித்ததே அந்தப் பூட்டுதான். ஓமனில் என் வேலையே பூட்டுதான், ஏட்டய்யா. ஒரு மிஷினுக்குள் ஆள் இறங்கி வேலை பார்க்கிறான் என்றால் அதன் சுவிட்சில் சிவப்புப் பூட்டு போட்டு, சாவியை என் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். எவ்வளவு பெரிய மேனேஜர் வந்து குதித்தாலும் திறக்க மாட்டேன். அவசரம் என்று சொல்லி யாரும் பூட்டைத் தொடக் கூடாது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் என் கையாலேயே போர்டு எழுதி மாட்டியிருந்தேன். இந்தியிலும் எழுதியிருப்பேன், எழுத்துத் தெரியாது.

சரி, விழாவுக்கு வருகிறேன்.

மேளம், வேட்டு, தட்டுத் தட்டாகச் சீர். எல்லாருக்கும் முன்னால் மாலை போட்ட வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் என் வீட்டுக்காரி, மடியில் பட்டுச் சேலைத் தட்டு. அவள் கொஞ்சம்... சரி, நானும் கொஞ்சம் கனம்தான். தெரு முழுக்க ஜோராக வந்தது. மண்டபத்து வாசலில் கார் ஏறுவதற்காக ஒரு சரிவு கட்டியிருக்கிறார்கள். அதில் ஏற்றினேன். பாதிக்கு மேல் வண்டி முனகியது. நின்றது. அப்புறம் மெதுவாகப் பின்னால் வர ஆரம்பித்தது.

தவில்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதானே?

மைக் யார் கையில் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? வெள்ளைச்சாமி கையில். சீர் வரிசையை அவர்தான் அறிவித்துக்கொண்டிருந்தார்.

“தாய்மாமன் தெய்வேந்திரன் வெளிநாட்டுல இருந்து வந்து குடுக்கிற சீர் வண்டி! இளவட்டங்க யாராச்சும் வந்து தள்ளுங்கப்பா! நல்ல நேரம் முடியப்போகுது!”

ஸ்பீக்கர் ரோடு வரைக்கும் கட்டியிருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். நான்கு பேர் வந்து என்னையும் என் வீட்டுக்காரியையும் வண்டியோடு மேலே தள்ளினார்கள். இறங்கி நடந்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை. என் வீட்டுக்காரி பின்னாலிருந்து, “இறங்குங்க, இறங்கித் தொலைங்க” என்று முதுகில் குத்திக்கொண்டே இருந்தாள். மாமன் சீரிலிருந்து பாதியில் இறங்குவானா?

பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் வெள்ளைச்சாமி. “மச்சான், பெட்ரோல் வேணாம், சரி. இதுக்குப் புல்லுக்கட்டு போடணுமா, பருத்திக்கொட்டை வைக்கணுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். தவமணி மட்டும் சிரிக்கவில்லை. சாம்பார் வாளியோடு அப்படியே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன் ஏட்டய்யா. அவளுக்காகத்தான் அப்புறம் எல்லாம். எனக்காக ஒன்றும் இல்லை. என்னை ஓமனில் எவ்வளவோ பேர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் தெருவில் சின்னப் பிள்ளைகள் “தள்ளுவண்டி மாமா” என்று கூப்பிட்டதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டி மண்டபத்திலேயே நின்றது. மறுநாள் காலையில் மினி லாரியில் ஏற்றி அவர்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கவனியுங்கள், அது இன்னும் அவர்கள் வாசல்படியைத் தாண்டவில்லை. அதனால் தொடலாம். லாரிக்காரரிடம், தேனி வழியாகப் போங்கள் என்றேன்.

தேனியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஷீர் என்று ஒரு தம்பி கடை வைத்திருக்கிறான். இந்த மாதிரி வண்டி மட்டும்தான் பார்ப்பான். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “வேகத்தைத் திறக்கணும், அவ்வளவுதானண்ணே?” என்றான். ஏதோ ஹோட்டலில் ஆர்டர் எடுக்கிற மாதிரி கேட்டான். “நாப்பதா, அம்பதா? அம்பத்தஞ்சு வரைக்கும் போடலாம். அதுக்கு மேல போனா வண்டியே பயந்துக்கும்.”

“சரிவு ஏறணும்” என்றேன்.

“அம்பது போட்டுருவோம். சரிவு என்ன, சுவரே ஏறும்.”

சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் விட வேண்டும் என்று அதுதான் முடிவு செய்யும். கன்ட்ரோலர் என்பார்கள். கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினான். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. “பிரேக்கு பழைய பிரேக்குதாண்ணே, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றான். அவள் நிதானமான பிள்ளை, பிரேக்குக்கு வேலை வைக்க மாட்டாள் என்றேன். “பழைய பெட்டிய வச்சுக்கிறீங்களா?” என்று கேட்டான். தூக்கிப் போடு என்றேன்.

போட்டுவிட்டான். கேட்ட உடனே போட்டுவிட்டான். நாளைக்குத் தேவைப்படலாம் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? தொழில் செய்கிறவனுக்கு அந்தப் பொறுப்பு வேண்டாமா?

தர்ஷிகாவிடம் மட்டும் காதோடு சொன்னேன். “தாயி, மாமா வண்டியில ஒரு வேலை பண்ணியிருக்கேன். இனி யாரும் தள்ள வேண்டாம். அம்மாகிட்ட மூச்சுவிடாதே. சத்தியம் பண்ணு.” கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். நல்ல பிள்ளை.

அதற்கடுத்த வாரம் வெள்ளைச்சாமி போன் பண்ணினார். “மச்சான், வாபஸ் வாங்கிக்கிறேன். நேத்து என் புல்லட்டை முந்திருச்சு உங்க வண்டி. ஃபாரின்காரன் ஃபாரின்காரன்தான்.” நான் அன்றைக்கு இட்லி இரண்டு கூடவே சாப்பிட்டேன். என் வீட்டுக்காரி, “வண்டி எப்படிங்க திடீர்னு பறக்குது?” என்று கேட்டாள். புது பேட்டரி பழகப் பழக வேகம் பிடிக்கும் என்றேன். பிள்ளை ஓட்டுகிற வண்டிக்கு எதற்கு அந்த வேகம் என்றாள். பெண்களுக்கு இதெல்லாம் புரியாது.

அப்புறம் ஆடி மாதம். காற்று உங்களுக்குத்தான் தெரியுமே, ஆளையே தள்ளும். நான் தேனியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னல் சீட். பஸ் நல்ல வேகம். பக்கத்தில் ஏதோ வெள்ளையாக வந்தது. பார்த்தால் தர்ஷிகா. முதுகில் புத்தகப் பை, சடை இரண்டும் பின்னால் பறக்கிறது, காற்றுக்கு வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. எங்கள் பஸ்ஸை முந்துகிறாள், ஏட்டய்யா. எதிரே கரும்பு டிராக்டர். பஸ்ஸுக்கும் அதற்கும் நடுவில் இருந்த இடத்தில் புகுந்து போனாள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “யாரு பெத்த பிள்ளையோ” என்றார். பல் தெரிந்தது. சிரித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த டிராக்டர் வருகிறது. தங்கை வீட்டிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன்னால் சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். சும்மா, ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்களா என்று கேட்பதற்குக் கூப்பிட்டிருப்பாள்.

பிள்ளையிடம் பேசிப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் நின்று பிடித்தேன்.

“மெதுவாப் போ தாயி.”

“நீங்கதான மாமா வேகமாப் போற மாதிரி பண்ணிக் குடுத்தீங்க?”

“அது உங்க பெரியப்பாவுக்காகப் பண்ணினது.”

“அப்ப அவரையே ஓட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வாயைப் பார்த்தீர்களா? அப்புறம் சொல்கிறாள், மெதுவாகத்தான் போகப் பார்க்கிறேன் மாமா, லேசாக முறுக்கினாலே பாய்கிறது, அன்றைக்குப் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்ததும் எப்படி நிறுத்துவது என்றே தெரியவில்லை என்று. நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன், நீங்களே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன், என்னால் சொல்ல முடியாது என்றாள். “வண்டியை எடுக்காம இருந்தா, மாமன் சீரு புடிக்கலையான்னு பெரியப்பா கேக்கிறாரு. அம்மா அழுவுது.”

பார்க்கிறேன் என்றேன். பொறு, மாமா ஏதாவது செய்கிறேன் என்றேன். செய்யத்தானே போனேன்?

நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். போனால் சும்மா விடுவார்களா? தாய்மாமன். பாயைப் போடு, காபியைப் போடு, கோழியை அடி. ஒரு நிமிஷம் என்னைத் தனியாக விட மாட்டார்கள். வண்டி மாட்டுக்கொட்டகைப் பக்கம் நிற்கிறது. எழுந்து அந்தப் பக்கம் போனால், “என்னண்ணே வேணும், நான் எடுத்துட்டு வாரேன்” என்று தவமணி பின்னாலேயே வருகிறாள். கடைசியில் கையைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். “வண்டியை ஒரு நாள் தேனிக்கு எடுத்துட்டுப் போய் சர்வீஸ் பார்த்துட்டு வரட்டுமா?”

வெள்ளைச்சாமி எங்கிருந்துதான் வந்தாரோ. “என்ன மச்சான், குடுத்த சீரைத் திரும்பக் கொண்டு போறீங்களா?”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் தவமணியின் மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தவமணி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “அண்ணே, இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்துறாதே. சர்வீஸுன்னு நீ சொல்லுவே. சீரை எடுத்துட்டுப் போயிட்டான்னுதான் ஊரு சொல்லும். நான் இந்த வீட்டுல உன் பேரைச் சொல்லித்தான் தலை நிமிர்ந்து நிக்கிறேன். என் அண்ணன் ஒரு தப்பும் பண்ண மாட்டான், ஊருக்கே பாதுகாப்புச் சொல்லிக் குடுத்தவன்னு சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருசம் ஓட்டியிருக்கேன்.”

அவளிடமே அப்போது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் பார்க்கிற பார்வை எனக்குத் தெரிகிறது. சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? நீங்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “கோழி ஆறுது” என்று மட்டும் சொன்னேன்.

பஷீரிடம் போய், பழையபடி மெதுவாகப் போகிற பெட்டி வேண்டும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். “வேகத்தைக் கூட்டத்தாண்ணே எல்லாரும் வர்றாங்க. கொறைக்கணும்னு வந்த மொத ஆளு நீங்கதான்.” தினம் போன் போட்டேன். நேற்றுச் சாயங்காலம்தான் கூப்பிட்டான், உடைந்த வண்டி ஒன்றிலிருந்து கிடைத்திருக்கிறது என்று. அந்த வண்டி எப்படி உடைந்தது என்று கேட்டேன். “அத ஏண்ணே கேக்கிறீங்க” என்றான்.

வண்டிக்கு இரண்டு சாவி கொடுப்பார்கள். ஒன்றைச் சீரோடு கொடுத்தேன். இன்னொன்று என்னிடம் தங்கிவிட்டது. ஓமன் பழக்கம், ஒரு சாவி எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். காலையில் அவள் வகுப்புக்குப் போனதும் பள்ளிக்கூட ஸ்டாண்டிலிருந்து எடுப்பது, பஷீர் கடையில் பெட்டியை மாற்றுவது, மணி அடிப்பதற்கு முன்னால் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. வண்டி கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன, பேட்டரி கிழடாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. யாருக்கும் ஒரு அவமானமும் இல்லை. நல்ல திட்டம்தானே?

ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் லேசாகத்தான் முறுக்கினேன். பாய்ந்தது. பாய்கிறது என்று அவள் சொன்னபோது ஏதோ பிள்ளை பேச்சு என்று நினைத்திருந்தேன். சந்தை வளைவு வரைக்கும் பிடித்துப் பிடித்துத்தான் வந்தேன். வளைவில் திரும்பினால் எதிரே உங்கள் தடுப்பு. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன் ஏட்டய்யா. கை வலிக்கப் பிடித்தேன். வண்டி கேட்கவே இல்லை. அது பாட்டுக்குப் போகிறது. பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது, நான் இன்னொரு பக்கமாகப் போகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டால் அவள் வீட்டுக்குப் போகிற வழியும் அந்த வளைவுதான்.

தடுப்பை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாம். அவ்வளவுதான் நான் சொல்வது.

வெள்ளைச்சாமி ஜன்னல் பக்கம் வருகிறாரே. பார்த்துவிடுவாரோ? ...போய்விட்டார். தர்ஷிகா இடத்தை விட்டு நகரவே இல்லை. அவர் ஏதோ கேட்கிறார், இவள் கையை விரித்துக்கொண்டு என்னவோ சொல்லி அவரை மரத்தடிக்கே திருப்பி அனுப்புகிறாள். இந்த வெயிலில் எதற்குத்தான் இப்படி நிற்கிறாளோ. பிடிவாதக்காரி, அவள் அம்மா மாதிரி.

என்ன சொன்னீர்கள்? குடும்ப விஷயம், உள்ளே கூப்பிட்டுப் பேசிவிடலாமா? மாமன் சர்வீஸுக்கு எடுத்துப் போனான், சொல்லாமல் போய்விட்டான் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறீர்கள். சரி. வண்டி? அதையும் கையோடு கொடுத்துவிடுவீர்கள். ஹேண்டில் கொஞ்சம் கோணல்தான், வெள்ளைச்சாமியே சாயங்காலத்துக்குள் நிமிர்த்திவிடுவார். நாளைக்குக் காலையில் தர்ஷிகா அதில்தான் பள்ளிக்கூடம் போவாள். நான் பஷீரிடம் அந்தப் பெட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஊரெல்லாம், குடுத்த சீரைத் திருடிக்கொண்டு போகப் பார்த்தான், பிடிபட்டதும் திருப்பிக் கொடுத்தான் என்று பேசும். இதில் எனக்கு என்ன மிச்சம்?

இரண்டாவது சொன்னது புரிந்தது. வேகப் பூட்டை எடுத்த வண்டி, நம்பர் இல்லாமல் ஐம்பதில் ஓடியது, சட்டத்துக்கு விரோதம் என்று எழுதுவது. வண்டி இங்கேயே நின்றுவிடும். திருட்டுக் கேஸும் இருக்காது. அபராதத்தோடு போய்விடும். நல்ல யோசனைதான். என் மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறீர்கள். ஆனால் பூட்டை எடுத்தது யார் என்று அதில் எழுத வேண்டும் இல்லையா? எழுதாவிட்டாலும் வெள்ளைச்சாமி கேட்பார். தவமணி கேட்பாள். அங்கே நின்றுகொண்டு, இவர்கள் எல்லார் முன்னாலும்... இல்லை. அது முடியாது. அதைத் தவிர வேறு எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

அந்தக் கொல்லைப்பக்கம் வரிசையாக நிற்கிறதே, அதெல்லாம் என்ன வண்டி, ஏட்டய்யா? பிடித்து வைத்த வண்டிகளா? ஒன்றில் கோவைக்கொடி ஹேண்டில் வரைக்கும் ஏறியிருக்கிறது. அந்தச் சிவப்பு ஸ்கூட்டர் சீட்டில் கோழி படுத்திருக்கிறது பாருங்கள். எத்தனை நாளாக நிற்கிறது? வருஷமாகவா?

கேஸ் முடிகிற வரைக்கும் இங்கேயேதான் நிற்குமா? கோர்ட்டில் மனுப் போட்டால் எடுக்கலாம், சரி. இந்த மாதிரி சின்ன வண்டிக்கு யார் போட்டிருக்கிறார்கள்? ஒருத்தர்கூட இல்லையா?

திருட்டுக் கேஸ் என்றால் எவ்வளவு நாள் ஓடும்?

அவள் பிளஸ் டூ முடிப்பதற்கு முன்னால் முடியாதே? நிச்சயமாக?

நம் மேல் கேஸ் இருந்தால் சொந்தக்காரர்கள் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். குடித்திருப்பான் என்பார்கள். வெளிநாட்டில் என்ன செய்துவிட்டு வந்தானோ என்பார்கள். பேசட்டும். தவமணிக்கு மட்டும்... அவளுக்கு நான் அப்புறம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

பிள்ளையை மட்டும் ஜன்னலை விட்டு நகர்ந்து நிழலுக்குப் போகச் சொல்லுங்கள். தலைவலி வந்துவிடும்.

பேனாவைத் திறங்கள், ஏட்டய்யா. பெயர் தெய்வேந்திரன். இன்று காலை பள்ளிக்கூட ஸ்டாண்டில் நின்ற வண்டியை நான் திருடினேன்.